ஆறு கட்டையில் ஒரு பாட்டு

1978 ஆகஸ்ட் 6, ஞாயிறு

இனிமேல் நான் 'ஊ' பாட வேண்டுமாம்.

பதினோரு வருஷம் எங்கள் பேண்டில் மைக்குக்கு நேராக நின்று பாடியவள், இனி இரண்டடி தள்ளி நின்று, நேற்று வந்த ஒரு பெண் பாடும்போது பின்னால் 'ஊ... ஆ...' என்று இழுக்க வேண்டும். இதைச் சொன்னது வேறு யாருமில்லை, என் கையைப் பிடித்த மகாராசன் ஹென்றிதான். அதுவும் எப்போது? நான் மாவு கரைத்துக்கொண்டிருக்கும்போது, உப்பு போட்டாயா என்று கேட்கிற மாதிரி.

"ஃபிலோ, இப்ப அமெரிக்காவுலேர்ந்து வர்ற சோல் பாட்டெல்லாம் ரொம்ப மேல போவுது. ஜெசிந்தாவுக்கு அது சும்மா வழுக்கிக்கிட்டுப் போவுது. நீ கீழ நின்னு தாங்குனின்னா பாட்டே தூக்கிரும்."

தாங்குவதற்கு நான் என்ன பந்தக்காலா? வாய் வரை வந்தது. மாவில் உப்பை இரண்டு தடவை போட்டதுதான் மிச்சம்.

ஜெசிந்தா யாரென்று எழுதிவைக்கிறேன். போத்தனூரிலிருந்து மாற்றலாகி வந்திருக்கும் ரயில் கார்டு அந்தோணிசாமியின் மகள். பத்தொன்பது வயது. போன மாதம் கோயில் பாடற்குழுவில் ஒரு அல்லேலூயா பாடினாள். அன்று பூசை முடிந்து வீட்டுக்கு வரும்வரை இவர் வாய் திறக்கவில்லை. பாதி வழியில் ஒரு லைட் கம்பத்தில் மோதிக்கொண்டார்.

ஆகஸ்ட் 7, திங்கள்

நேற்று போப்பாண்டவர் காலமாகிவிட்டாராம். இந்த வாரம் பிராக்டிஸ் கிடையாது. கடவுள் மன்னிக்கட்டும், எனக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

இன்று ரயில்வே இன்ஸ்டிட்யூட் ஹாலில் அவள் முதல் முறையாகப் பாடினாள்.

எங்கள் பேண்டின் பெயர் கிரீன் சிக்னல். ஹென்றி ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர், இங்கே கிட்டார். டிரம்ஸ் சவரி. பேஸ் கிட்டார் டெரிக். நான் ரயில்வே டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர், இங்கே பாட்டு. இங்கே பாட்டாக இருந்தேன். மாதம் இரண்டு ஞாயிறு, பூசை முடிந்து பத்தரை மணிக்கு வெள்ளைக்காரன் காலத்து மர ஃப்ளோரில் காலனி முழுக்க வந்து ஆடும். பெல்பாட்டம் போட்ட பையன்கள், குடை மாதிரி ஃபிராக் போட்ட ஆங்கிலோ இந்தியக் கிழவிகள், எல்லோரும்.

அவள் 'ரயில் பாட்டு' பாடினாள். அது என் பாட்டு. அமெரிக்காவில் ஒரு கறுப்பர் குழு பாடியது, டிரம்ஸ் தடதடவென்று ஓடும், நடுவில் குரல் மட்டும் தனியாக நிற்க வேண்டும். நான் பாடும்போது அந்த இடத்தில் கைதட்டுவார்கள். இவள் பாடும்போது யாரும் கைதட்டவில்லை. ஆட்டத்தை நிறுத்திவிட்டு நின்று கேட்டார்கள். கைதட்ட மறந்துபோனார்கள்.

குரல் பரவாயில்லை. உச்சரிப்பு மோசம். நிற்கிற லட்சணமும் சரியில்லை, கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

முடிந்ததும் நேராக என்னிடம் ஓடி வந்தாள். "அக்கா, நீங்க பாடுறத ஜன்னலுக்கு வெளிய நின்னு மூணு வாட்டி கேட்டிருக்கேன். இன்னிக்கு நடுங்கிருச்சுக்கா. தப்பா பாடிட்டேனா?"

"பரவால்ல" என்றேன். வயிறு எரிந்தது. வேறு வார்த்தை தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. வயிறு எரிந்தது.

ஆகஸ்ட் 23, புதன்

மெட்ராஸிலிருந்து கடிதம். மவுண்ட் ரோடு பக்கம் ஒரு பெரிய ஹோட்டல். அங்கே ஞாயிற்றுக்கிழமை ஜாம் செஷன் என்கிற ஆட்டப்பாட்டத்துக்கு நிரந்தரமாக ஒரு பேண்ட் தேடுகிறார்களாம். அக்டோபர் 8-ம் தேதி மேனேஜர் வந்து எங்களைக் கேட்கப் போகிறார். பிடித்திருந்தால் ஹென்றி பெரம்பூர் ஒர்க்‌ஷாப்புக்கு மாற்றல் கேட்பார். எனக்கும் அங்கே எக்ஸ்சேஞ்ச் உண்டு.

கடைசி வரியை நான்தான் சத்தமாக வாசித்தேன். மேடை சின்னது, ஒரு பாடகி போதும்.

ஹென்றி கடிதத்தை வாங்கி மடித்துப் பையில் வைத்தார். "அன்னிக்கு யாரு நல்லா பாடுறாங்களோ அவங்க வரட்டும். பாட்டுதான் முக்கியம்" என்றார். பாட்டுதான் முக்கியமாம்! அப்போது நான் மெட்ராஸில் என்ன செய்வேன்? ஞாயிற்றுக்கிழமை ஹோட்டலில் உட்கார்ந்து, என் புருஷன் கிட்டார் வாசிக்க, எவளோ பாட, ஜூஸ் குடித்துக்கொண்டு கைதட்டுவேனா?

இவர் மேல் எனக்கு அந்த மாதிரி சந்தேகம் ஒன்றும் இல்லை. மனுஷனுக்குக் கிட்டாரைத் தவிர எதையும் ஆசையாகத் தொடத் தெரியாது. அதுதான் இன்னும் கோபம். வேறு மாதிரி என்றால் சண்டையாவது போடலாம்.

செப்டம்பர் 3, ஞாயிறு

மெட்ராஸ்காரருக்குப் பாட ஒரு புத்தம் புதுப் பாட்டு வேண்டும் என்று ஒரு வாரமாக ரேடியோவும் கையுமாக இருக்கிறேன். எங்கள் ஐந்து பேரில் ஷார்ட் வேவ் ரேடியோ இருப்பது எங்கள் வீட்டில் மட்டும்தான். ரெக்கார்டு திருச்சிக்கு வந்துசேர எட்டு மாதம் ஆகும். அதனால் சிலோன் ஸ்டேஷனின் ஆங்கில நேயர் விருப்பம்தான் எங்கள் பள்ளிக்கூடம். ரேடியோ முன்னால் கேசட் ரெக்கார்டரை வைத்து நான் பிடிக்கிறேன், பாட்டின் வரிகளை எழுதுகிறேன், ஹென்றி சுருதி கண்டுபிடிக்கிறார். என்ன பாட்டு என்று அறிவிப்பாளர் சொல்லும் நேரம் பார்த்துக் கரகரவென்று இரைச்சல் வந்துவிடும். ஆகையால் நாங்களே பெயர் வைத்துக்கொள்வோம். ரயில் பாட்டு, அழுமூஞ்சிப் பாட்டு, நீளமுடிக்காரன் பாட்டு.

கரண்டில் போட்டுப் பிடித்தால் 'ர்ர்ர்' என்று சத்தம் வரும். அதனால் பாட்டுப் பிடிக்கும்போது ரெக்கார்டரைப் பேட்டரி செல்லில்தான் ஓட்டுவது. இன்று புது செல் இல்லை. டார்ச்சில் கிடந்ததைப் போட்டேன். ஃபேனை நிறுத்தி, குக்கரை இறக்கி, கதவைச் சாத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கிடைத்தது ஒரு முத்து!

ஒரு பெண் பாடுகிறாள். ஆரம்பத்தில் ஜெபம் மாதிரி மெதுவாக, பிறகு டிரம்ஸ், பிறகு எக்காளம். கடைசியில் போகாதே போகாதே என்று ஒன்பது தடவை கெஞ்சுகிறாள். ஒவ்வொரு தடவையும் ஒரு படி மேலே. ஒன்பதாவது தடவை எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. 'போகாதே பாட்டு' என்று பெயர் வைத்தேன்.

இதை நான் பாடினால் மெட்ராஸ்காரர் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். மேல் படி கொஞ்சம் கஷ்டம், ஆனால் எட்டும்.

மாலையில் கடைக்குப் போய்ப் புது செல் நாலும், ஒரு புது கேசட்டும் வாங்கி வந்தேன்.

செப்டம்பர் 5, செவ்வாய்

எட்டவில்லை.

ஹாலில் ரெக்கார்டரைக் கரண்டில் போட்டுக் கேட்டோம். ஹென்றி கிட்டாரில் தடவிப் பார்த்து "ஏ மேஜர்" என்றார். எங்கள் கோயில் ஹார்மோனியக் கணக்கில் ஆறு கட்டை. நான் பாடிப் பார்த்தேன். ஏழாவது 'போகாதே'யில் என் குரல் கதவிடுக்கில் மாட்டிய பூனை மாதிரி கத்தியது. சவரி குச்சியைக் கீழே போட்டுவிட்டு, அதைத் தேடுகிற சாக்கில் குனிந்துகொண்டான். சிரித்தான், எனக்குத் தெரியாதா?

ஜெசிந்தா பாடினாள். எட்டு வரை போனாள். ஒன்பதில் இருமினாள்.

"ஒரு மாசம் இருக்கு. வந்துரும்மா" என்றார் ஹென்றி, அவளைப் பார்த்து. என்னைப் பார்த்து இல்லை.

ஒரு விஷயம் உறுத்துகிறது. கேசட்டின் கடைசியில் அறிவிப்பாளர் அரை வாக்கியம் பேசுகிறார். எட்டு வருஷமாக நான் கேட்கிற குரல், பீப்பாய்க்குள்ளிருந்து பேசுகிற மாதிரி கனமாக இருக்கும். கேசட்டில் மீசை முளைக்காத குரலாக இருக்கிறது. 'ஹலோ' என்று சொன்னாலே எந்த ஆபீஸ், எந்த ஆள் என்று சொல்கிறவள் நான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் போட்டுக் கேட்டபோது அப்படி இல்லை. அவருக்குச் சளியாக இருக்கும்.

செப்டம்பர் 9, சனி

ஜெசிந்தா நேற்றுத் திருநாளுக்கு வேளாங்கண்ணி போய்விட்டு வந்து, தொண்டைக்கு என்று எண்ணெய்ப் புட்டி ஒன்று கொண்டுவந்து கொடுத்தாள். எனக்காகவும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினாளாம். நான் கேட்டேனா?

செப்டம்பர் 10, ஞாயிறு

ஹென்றிக்கு ஓவர்டைம். வீட்டில் நான் மட்டும்.

நேயர் விருப்பத்தில் மறுபடியும் அதே பாட்டு வந்தது. வந்ததும் தெரிந்துவிட்டது. மெதுவாக, கீழே, அகலமாக இருந்தது. அவருடைய பழைய கிட்டாரை எடுத்துத் தட்டிப் பார்த்தேன். ஜி மேஜர். ஐந்து கட்டை.

விஷயம் இவ்வளவுதான். டார்ச்சு செல்லில் உயிர் இல்லை. ரெக்கார்டர் நொண்டிக்கொண்டே மெதுவாகச் சுற்றிப் பாட்டைப் பிடித்திருக்கிறது. அதே செல்லில் கேட்டால் வித்தியாசம் தெரியாது. ஹாலில் கரண்டில் போட்டதும் டேப் ஓட வேண்டிய வேகத்தில் ஓடி, பாட்டு விரைந்து, சுருதியும் ஒரு கட்டை ஏறிவிட்டது. அறிவிப்பாளருக்குச் சளியும் இல்லை, ஒன்றும் இல்லை. ஒரிஜினல் பாடகியே தொடாத உயரத்தில் ஜெசிந்தா ஒரு வாரமாகத் தொங்கிக்கொண்டிருக்கிறாள்.

பாட்டு முடிய இன்னும் இரண்டு நிமிஷம் இருந்தது. ரெக்கார்டரில் புது செல் இருந்தது. பட்டனில் விரலை வைத்தேன். அழுத்தவில்லை. கேசட்டில் இடம் இல்லை.

ஹென்றி வந்ததும் சொல்லிவிடலாம்.

செப்டம்பர் 11, திங்கள்

எக்ஸ்சேஞ்சில் மூன்றாவது ஷிப்ட் ஆள் வரவில்லை, நானே பார்த்தேன். தலைவலி. மண்ணெண்ணெய்க்கு ஒன்றரை மணி நேரம் க்யூ. சொல்ல நேரம் கிடைக்கவில்லை.

செப்டம்பர் 13, புதன்

பிராக்டிஸ். ஜெசிந்தா ஒன்பதை நாலு தடவை முயன்றாள், நாலு தடவையும் உடைந்தது. கண்ணில் தண்ணீர். ஹென்றியே சொன்னார்: "பேசாம ஒரு கட்டை இறக்கிருவமா?"

அப்போது நான் பேசினேன். "இறக்கலாம். அப்புறம் மெட்ராஸ்காரரு ரெக்கார்டுல ஒரு மாதிரி இருக்கு, இவனுங்க ஒரு மாதிரி வாசிக்கிறானுங்கன்னு சொன்னா?"

ஹென்றியின் முகம் மாறியது. கிரீன் சிக்னலின் கௌரவமே அதுதான். ரெக்கார்டில் எப்படியோ அப்படியே. தஞ்சாவூர் பேண்ட் ஒன்று சுருதி இறக்கி வாசித்ததை மூன்று வருஷமாகச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிற மனுஷன். "அதுவும் சரிதான்" என்றார்.

"நான் பாடிருவேன்ணே" என்றாள் அவள். என்னைத்தான் பார்த்தாள்.

செப்டம்பர் 20, புதன்

பாடிவிட்டாள்.

ஒன்பதாவது 'போகாதே' வந்தது. உடையவில்லை. ஹாலின் தகரக் கூரை வரை போய் அங்கேயே நின்றது. டெரிக் வாசிப்பதை நிறுத்திவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டான். ஹென்றி கிட்டாரைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே போய் நின்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், நான் பாடி அவர் ஒரு நாளும் வெளியே போய் நின்றதில்லை.

நான் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ஐந்து கட்டையில் அந்த ரேடியோக்காரி பாடியதைவிட இது நன்றாக இருக்கிறது. அந்த உண்மை எனக்கு மட்டும்தான் தெரியும். அவள் பாழாய்ப் போகட்டும். இல்லை, அப்படி நினைக்கவில்லை. நினைத்தேன், ஆனால் உடனே அழித்துவிட்டேன்.

வரும் வழியில் அவளுக்குப் பனங்கற்கண்டும் மிளகும் வாங்கிக் கொடுத்தேன். "தெனமும் பாடிப் பாரு. விட்டா கொரலு எறங்கிரும்" என்றேன். அக்கறையாகத்தான் சொன்னேன்.

செப்டம்பர் 29, வெள்ளி

ஒரே மாதத்தில் புதுப் போப்பாண்டவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். காலனியே அதைத்தான் பேசுகிறது. பிராக்டிஸ் நிற்கும் என்று பார்த்தால், நாள் இல்லை என்று ஹென்றி நிறுத்தவில்லை.

ஜெசிந்தாவின் குரலில் மணல் விழுந்த மாதிரி இருக்கிறது. பேசும்போது கரகரப்பு. வீட்டில் தினம் இருபது தடவை பாடுகிறாளாம், அவள் அம்மா சொன்னாள். ஹென்றி கேட்டதற்கு, "காலைல சரியாப் போவும்ணே" என்றாள்.

சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் வாயைத் திறந்தேன். "இஞ்சி போட்டு டீ குடி" என்று வந்தது.

அக்டோபர் 4, புதன்

இரண்டாவது தடவை பாடும்போது 'போகாதே' என்று ஆறில் நின்றவள் ஏழுக்குப் போகவில்லை. வாய் அசைகிறது, சத்தம் இல்லை. மறுபடி முயன்றாள். காற்று மட்டும் வந்தது. கைக்குட்டையைப் பார்த்தாள், அதை மடித்துக்கொண்டாள். நான் பார்த்துவிட்டேன். ரத்தம்.

அக்டோபர் 5, வியாழன்

தொண்டை டாக்டரிடம் அவள் அம்மாவோடு நானும் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. குரல் நாணில் ரத்தக் கட்டாம். மூன்று மாதம் பாட்டு மட்டுமில்லை, பேச்சே கூடாது, கிசுகிசுப்புகூடக் கூடாது. அப்புறம் பழைய குரல் வருமா என்று அவள் அம்மா கேட்டாள். பாதிப் பேருக்கு வரும் என்றார்.

வெளியே வந்து ஜெசிந்தா என் கையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் என்னைக் காட்டி, மைக் பிடிக்கிற மாதிரி காட்டினாள். நீங்க பாடுங்க.

இன்று சாம்பார் தீய்ந்துவிட்டது.

அக்டோபர் 8, ஞாயிறு

எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் ஹென்றி தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். "போகாதே பாட்டை விட்டுரலாம்" என்றார். நான் சொன்னேன்: "நான் பாடுறேன். ஒரு கட்டை எறக்கி, ஜி-ல வாசிங்க."

"ஏன் கரெக்டா ஒரு கட்டை?"

"எனக்கு அது வசதி."

பத்தரைக்கு மேனேஜர் வந்தார். சஃபாரி சூட், தங்க ஃபிரேம் கண்ணாடி, கோபாலரத்னம் என்று பெயர். முதல் வரிசையில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தார். ஜெசிந்தா சுவரோரம், கழுத்தில் மஃப்ளரோடு, அவள் அம்மா பக்கத்தில். மூன்று பாட்டுக்கு மேனேஜர் கால் ஆடவில்லை. நாலாவது 'போகாதே'. பாடினேன். வயது முப்பத்தி நாலு, இவ்வளவு நன்றாக நான் பாடியதே இல்லை. ஒன்பதாவதில் சிரமமே இல்லாமல் போய் உட்கார்ந்தேன். ஹால் இடிந்து விழுகிற கைதட்டல். அவளும் தலைக்கு மேல் கையைத் தூக்கித் தட்டினாள்.

மேனேஜர் மேடைக்கு வந்து ஹென்றியின் கையைக் குலுக்கினார். "சார், போன மாசம்தான் இந்த ரெக்கார்டு லண்டன்லேர்ந்து எனக்கு வந்துது. டெய்லி கேக்கறேன். அப்படியே இருக்கு! சுருதிகூட மாத்தாம அப்படியே வாசிச்சிருக்கேள். நம்ம ஊர்ல யாரு அவ்ளோ மெனக்கெடறா? இந்த அம்மாதான் பாடணும். லெட்டர் அனுப்பறேன்."

"தேங்க்யூ சார்" என்றார் ஹென்றி. அப்புறம் மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். சவரி ஓடிவந்து கை கொடுத்தான், டெரிக் விசிலடித்தான். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அக்டோபர் 9, திங்கள்

காலையில் வேலைக்குப் போகுமுன் அந்தக் கேசட்டைக் கரண்டில் போட்டு, கடைசி அரை வாக்கியத்தை மட்டும் கேட்டார். திருப்பிக் கேட்டார். பிறகு மேஜையில் இருந்த புது கேசட்டை எடுத்துப் பார்த்தார். பிரிக்காத பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது.

"எப்ப தெரியும்?"

"எது?"

"ஃபிலோ."

செப்டம்பர் பத்து என்றேன். அவர் விரல்விட்டு எண்ணினார். எத்தனை பிராக்டிஸ் என்று எண்ணியிருப்பார். சாப்பாட்டுத் தூக்கை எடுக்காமல் போய்விட்டார். கத்தியிருக்கலாம், ரெண்டு வார்த்தை திட்டியிருக்கலாம். நானும் பதிலுக்குத் திட்டியிருப்பேன்.

அக்டோபர் 14, சனி

ஐந்து நாளாக வீட்டில் பேச்சு இல்லை. எக்ஸ்சேஞ்சில் ஒரு நாளைக்கு முந்நூறு பேர் என்னோடு பேசுகிறார்கள்.

அக்டோபர் 19, வியாழன்

மெட்ராஸ் லெட்டர் வந்தது. என் பெயர் போட்டு, திருமதி ஃபிலோமினா ஹென்றி அவர்களே பாடகியாக இருக்க வேண்டும் என்று டைப் அடித்து. நாலு தடவை படித்தேன்.

ஹென்றி வந்து படித்தார். "மூணு மாசம் தவணை கேட்டு எழுதப் போறேன். அந்தப் புள்ளைக்குக் கொரலு வரட்டும். வந்தா மறுபடி ரெண்டு பேரும் பாடிக் காட்டுங்க. வரலைன்னா பேண்டே போவல."

எனக்கு வந்ததே கோபம்! "லெட்டர் என் பேருக்கு வந்திருக்கு. எம் பாட்டுக்கு வந்திருக்கு. அதுல உங்களுக்கு என்னங்க அதிகாரம்?" என்று கத்தினேன்.

"ஒம் பாட்டுதான்" என்றார். அவ்வளவுதான். கடிதம் எழுத உட்கார்ந்துவிட்டார். நான் செய்தது தவறு என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அன்று பாடியது நான்தானே? அந்த ஒன்பது படியும் நான் ஏறியதுதானே?

அக்டோபர் 21, சனி

ஜெசிந்தா வந்தாள். கையில் சின்னப் பிள்ளைகளின் சிலேட்டு. அதில்தான் இப்போது பேச்சு. மெட்ராஸ் லெட்டர் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள். எனக்கு ஒரு ரிப்பன் ரோஜா கொண்டுவந்தாள், மேடையில் வைத்துக்கொள்ள.

பேச்சுக்கு ஏதாவது வேண்டுமே என்று, "தொண்டை வலிக்குதா?" என்றேன். தலையை ஆட்டிவிட்டு எழுத ஆரம்பித்தாள். நிறைய எழுதினாள், அழித்து அழித்து மூன்று சிலேட்டு. முதலாவது: போத்தனூர்ல எங்க எதிர் வீட்டுக்கு வெளிநாட்டுலேர்ந்து அந்த ரெக்கார்டு வந்திருக்கு. செப்டம்பர்ல வேளாங்கண்ணிக்கு அவங்களும் வந்தாங்க, திரும்பறப்ப டேப்ல போட்டுக் காட்டுனாங்க. பாட்டு கீழதான் இருந்தது.

ரோஜாவை எடுத்து ரிப்பன் மடிப்பை நீவிக்கொண்டேன்.

இரண்டாவது: நீங்க எனக்காகத்தான் ஏத்தி வச்சீங்கன்னு புரிஞ்சுக்கிட்டேன். ரெக்கார்டை விட மேல என்னால பாட முடியும்னு நீங்க நம்புனீங்க. அதான் யார்கிட்டயும் சொல்லல.

மூன்றாவது: என்னால முடியலக்கா. மன்னிச்சுருங்க.

அப்புறம் என் முகத்தைப் பார்த்து, ஓரத்தில் சின்னதாக: அப்படித்தானே?

நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

நிமிர்ந்தால் சமையலறை வாசலில் ஹென்றி. அவள் தெரு திரும்பியதும் வாசல் கதவைச் சாத்தினார். பிறகு, "நாளைக்குப் பூசை முடிஞ்சதும் நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?" என்றார்.

இந்த இரண்டு மாதமும் அவள் மேல் பொறாமைப்பட்டேன். இன்றைக்குப் படுகிற பொறாமைக்கு முன்னால் அதெல்லாம் ஒன்றுமே இல்லை. ஒருத்தி தன் தொண்டையைக் கிழித்துக்கொண்டு என்னைப் பற்றி இவ்வளவு நல்லதாக நினைத்திருக்கிறாள். எனக்கு அப்படி யாரைப் பற்றியும் நினைக்க வராது.

அக்டோபர் 22, ஞாயிறு

நானே போனேன். தனியாக.

ஜெசிந்தா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் அம்மா பின்கட்டில் துணி துவைக்கிற சத்தம் கேட்டது. உட்காரச் சொல்லிக் காட்டினாள். உட்காரவில்லை. உட்கார்ந்தால் வேறு எதையாவது பேசிவிட்டு வந்துவிடுவேன்.

"நான் ஒனக்காக ஏத்தி வைக்கல. செல்லு வீக்கா இருந்துச்சு, அதான் ஏறிருச்சு. பத்தாந்தேதியே எனக்குத் தெரியும். ஒன்னால முடியக் கூடாதுன்னுதான் சொல்லல. நீ ஒடையணும்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

கீரையைத் தட்டில் வைத்தாள். சிலேட்டை எடுத்தாள். ஏதோ எழுதினாள், எனக்குக் காட்டாமல் அழித்தாள். மறுபடி எழுதினாள், மறுபடி அழித்தாள். என்ன எழுதியிருந்தாலும் நான் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் நின்றேன். கடைசியில் சிலேட்டைத் திருப்பினாள்.

அப்ப நான் அந்த ஒசரத்துல நல்லா பாடுனேனா?

இந்த டைரிக்கு வெளியே நான் யாரிடமும் சொல்லாத ஒன்றை அவள் கேட்டாள்.

"பாடுன" என்றேன். "என்னை விட நல்லா பாடுன. அந்த ரெக்கார்டுக்காரிய விடவும் நல்லா பாடுன."

அவள் அழவில்லை. எழுந்து பின்கட்டுக்குப் போனாள். ஈரக்கையோடு அவள் அம்மாவை இழுத்துக்கொண்டு வந்து என் முன்னால் நிறுத்தினாள். என்னம்மா, என்ன ஆச்சு என்று அந்த அம்மாள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஜெசிந்தா என்னை நோக்கிக் கையை நீட்டினாள். சொல்லு என்று.

முதலிலிருந்து சொன்னேன். செல், சுருதி, பத்தாம் தேதி எல்லாம். அந்த ரெக்கார்டுக்காரியைவிட இவள் நன்றாகப் பாடினாள் என்கிற கடைசி வரியையும் சொன்னேன். அதை மட்டும் ஜெசிந்தா கையைக் காட்டி இரண்டு தடவை சொல்ல வைத்தாள்.